கருப்பு காரில் வெயில் பட்டால் சுழல் கோடுகள்: முதல்முறை பாலிஷ் போட எங்கே ஆரம்பிப்பது?

வேளச்சேரிவாசி:

வணக்கம். நாலு வருஷம் ஆன கருப்பு செடான். எல்லாம் கம்பெனி பெயின்ட், எந்த பேனலும் மறுபடி அடித்ததில்லை. அபார்ட்மென்ட்டில் கூரை இல்லாத பார்க்கிங், மேலே புங்க மரம். கழுவுவது போர் தண்ணீரில். தினமும் காலையில் வாட்ச்மேன் ஈரத் துணியால் துடைக்கிறார்.

நிழலில் பார்த்தால் வண்டி நன்றாகவே இருக்கிறது. நேர் வெயில் விழுந்தால் பானட், டிக்கி, கூரை மூன்றிலும் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள். பானட்டிலும் கண்ணாடியிலும் தேய்த்தாலும் போகாத வெள்ளைப் புள்ளிகள். டிரைவர் பக்கக் கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல், அதில் நகம் மாட்டுகிறது.

நானே செய்ய ஆசை. பாலிஷிங் மெஷின் இதுவரை பிடித்ததில்லை. என்ன மெஷின், என்ன பாலிஷ், எந்த வரிசையில் செய்வது? கடைசியில் வேக்ஸா, செராமிக் கோட்டிங்கா? கருப்பு என்பதால் கெடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.

கிளியர்கோட்:

வணக்கம் சார். நிலவரத்தை விவரமாகப் போட்டிருக்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்லலாம்.

முதலில் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனி பெயின்ட்டில் பிரைமர், கருப்பு நிறப் பூச்சு, மேலே நிறமில்லாத கிளியர்கோட், எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர்கோட் மட்டும் 35 முதல் 50. ஒரு ஏ4 தாளின் கனம் சுமார் 100 மைக்ரான். அதில் பாதிகூட வராத பூச்சைத்தான் தேய்க்கப் போகிறீர்கள். சுழல் கோடுகள் அதன் மேல்தோலில் ஓரிரு மைக்ரான் ஆழத்தில் இருக்கின்றன. பாலிஷ் கோட்டை நிரப்புவதில்லை, கோட்டின் அடிவரை சுற்றியிருக்கும் பரப்பைச் சீவி இறக்குகிறது. சீவியது திரும்பி வராது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருளும் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சீவினால் சில வருஷத்தில் கூரையும் பானட்டும் வெளுத்து உரியும். அதற்கு மறு பெயின்ட்தான் வழி.

கருப்பில் மட்டும் ஏன் இவ்வளவு தெரிகிறது? ஒவ்வொரு கோட்டின் விளிம்பும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. வெள்ளை பெயின்ட்டில் அடியிலிருந்தும் நிறைய வெளிச்சம் திரும்பி வருவதால் அந்தச் சிதறல் அதற்குள் மறைந்துவிடும். கருப்பிலிருந்து எதுவும் திரும்பி வராததால் கோடு மட்டும் கண்ணில் படுகிறது. வெள்ளை வண்டியிலும் அதே கோடுகள் இருக்கின்றன. உங்கள் பெயின்ட் ஒன்றும் மட்டமானதல்ல.

நகம் மாட்டும் கீறலைப் பாலிஷால் எடுக்க முயலாதீர்கள். அது கிளியர்கோட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தனியாக டச்சப் பெயின்ட் (கீறலுக்குள் மட்டும் வைக்கும் சின்ன பாட்டில் பெயின்ட்), அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மெஷின் டிஏ மட்டும்தான், அதாவது பேட் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் வகை. 5 அங்குல பேக்கிங் பிளேட் (பேடை ஒட்டும் வட்டத் தட்டு), 8 அல்லது 15 மி.மீ. ஆட்டம் உள்ளது போதும். 21 மி.மீ. மெஷின் பெரிய சமதளத்தில் வேகமாக வேலை செய்யும், ஆனால் கதவு வளைவுகளில் புதியவர் கைக்கு அடங்காது. ரோட்டரி, அதாவது ஆடாமல் ஒரே அச்சில் சுழலும் வகை, வேண்டவே வேண்டாம்.

மென்மையான ஃபினிஷிங் ஃபோம் பேட் ஐந்து அல்லது ஆறு, நடுத்தர பாலிஷிங் ஃபோம் பேட் இரண்டு வாங்குங்கள். பாலிஷ் மெகுவயர்ஸ் எம்205 அல்லது மென்செர்னா 3500, இரண்டில் ஒன்று. காம்பவுண்ட், அதாவது இன்னும் ஆழமாகச் சீவும் பாலிஷ், இப்போது வாங்காதீர்கள், தேவை என்று சோதனையில் தெரிந்தால் வாங்கிக்கொள்ளலாம். 350 முதல் 400 ஜிஎஸ்எம் (துணியின் அடர்த்தி அளவு) மைக்ரோஃபைபர் துணி ஒரு டஜன், ஓரத்தில் தையல் இல்லாதது. கையில் பிடிக்கும் எல்இடி விளக்கு ஒன்று, மாஸ்கிங் டேப் இரண்டு ரோல். செடானுக்கு ஒரு சுற்றுக்கு 100 மி.லி. பாலிஷ் தாராளம்.

வேலை வரிசை: இரண்டு வாளி முறையில் (ஒன்றில் ஷாம்பூ, இன்னொன்றில் கையுறையை அலச வெறும் தண்ணீர்) நன்றாகக் கழுவுங்கள். ஈரமாக இருக்கும்போதே, நிழலில், அயர்ன் ரிமூவர் (இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம்) அடித்து 3 முதல் 5 நிமிடம் விடுங்கள். பிரேக் தூள் பதிந்த இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். காயவிடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கையைப் பாலித்தீன் கவருக்குள் விட்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். மணல் மணலாகப் பட்டால் கிளே பார் (பதிந்த அழுக்கை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேவை. 30, 40 கிராம் துண்டு போதும், ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தாராளமாக அடித்துக்கொண்டே அழுத்தாமல் நேர்கோட்டில் ஓட்டுங்கள், அழுக்கான பக்கத்தை மடித்து உள்ளே தள்ளுங்கள். தரையில் விழுந்த கிளேயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். கிளேயே கருப்பில் லேசான கோடு போடும். பாலிஷ் பிறகு வருவதால் இப்போது கவலையில்லை, ஆனால் பாலிஷ் முடிந்த காரில் கிளே ஓட்டுவது கூடாது.

துடைத்துக் காயவைத்ததும் பேனல் ஓரங்கள், கூர்மையான மடிப்புக் கோடுகள், ரப்பர் பீடிங், சொரசொரப்பான கருப்பு பிளாஸ்டிக், வாஷர் நாசில் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். ஓரங்களில் பெயின்ட் இயல்பாகவே மெலிசு, முதலில் தகடு தெரிவது அங்கேதான். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பாலிஷ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து குழிகளுக்குள் உட்கார்ந்துகொள்ளும், எடுப்பது பெரும்பாடு.

இனி முக்கியமான கட்டம். பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி டேப் ஒட்டி ஒரு சோதனைக் கட்டம் போடுங்கள். மென்மையான பேட், மென்மையான பாலிஷ். புது பேடில் முதல்முறை மட்டும் பாலிஷைக் கையால் முழுப் பரப்பிலும் மெலிதாகத் தடவி ஊறவிடுங்கள், பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஓடவிடாமல் பேடைக் கட்டத்துக்குள் ஒற்றி, மெஷினின் வேக எண் 1இல் பரப்பி, 4 அல்லது 5க்கு ஏற்றுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கட்டம் முழுவதையும் இடவலமாக ஒரு முறை, மேல்கீழாக ஒரு முறை என்று மாற்றி மாற்றி மொத்தம் நாலு முதல் ஆறு முறை.

துடைத்துவிட்டு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணீர் நாலு பங்கு கலந்து அடித்துத் துடையுங்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோடுகளை மறைக்கும். அதை எடுத்தால்தான் உண்மை தெரியும். இதற்கு மேல் காரமாகக் கலந்தால் கிளியர்கோட் மென்மையாகி, துடைக்கும் துணியே கோடு போட்டுவிடும்.

விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். பத்தில் ஏழு எட்டு கோடுகள் போயிருந்தால் அதே கூட்டணியில் வண்டி முழுக்க முடியுங்கள். குறைவென்றால் பாலிஷை மாற்றாமல் நடுத்தர பேடுக்கு ஏறுங்கள். அதுவும் போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்ட். மிச்சமிருக்கும் இரண்டு மூன்று ஆழமான கோடுகளைத் துரத்துவதில் அர்த்தமில்லை, தினமும் ஓட்டும் வண்டிக்குக் கிளியர்கோட்தான் பெரிய சொத்து.

மெஷின்மணி:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. மெஷின் பிடிக்கிறதுல எங்கெல்லாம் தப்பாகும்னு நான் சேர்த்துச் சொல்றேன்.

முதல்ல பேக்கிங் பிளேட் ஓரத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்கோங்க. ஓடும்போது அந்தக் கோடு சுத்துறது கண்ணுக்குத் தெரியணும். நின்னுபோச்சுன்னா பேட் வெறுமனே ஆடுது, சூடு ஏறுதே தவிர வெட்டு, அதாவது பெயின்ட்டைச் சீவற வேலை, நடக்கல. காரணம் ரெண்டுதான்: அழுத்தம் ஜாஸ்தி, இல்லேன்னா பேட் சாய்ஞ்சிருக்கு. மெஷினோட எடைக்கு மேல ரெண்டு மூணு கிலோ அழுத்தம் போதும். வீட்டு எடை மெஷின் மேல பேடை வச்சு அழுத்திப் பார்த்துப் பழகிட்டா கைக்கு அளவு வந்துரும். கடைசி ரெண்டு சுத்துல அழுத்தத்தையும் விட்டுருங்க, மெஷின் எடை மட்டும்.

பேட் பெயின்ட்டைத் தொட்ட பிறகுதான் ஸ்விட்ச். எடுக்கறதுக்கு முன்னாடி ஆஃப். இதை மறந்தா பாலிஷ் சுவர் வரைக்கும் தெறிக்கும், பேட் ஓரம் கடிச்சு பெயின்ட்ல பிறை மாதிரி தடம் விழும்.

ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் பேடைச் சுத்தம் பண்ணணும். சுத்தமான டவலை பேட் மேல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு செகண்ட் மெஷினை ஓட்டுங்க. உரிஞ்சு வந்த பெயின்ட்டும் பழைய பாலிஷும் பேட்லயே கட்டியாச்சுன்னா அதுவே உப்புத்தாள் வேலை பார்க்கும். ரெண்டு பேனலுக்கு ஒரு பேட் மாத்துங்க. சூடான ஈர பேட்ல வெட்டும் குறையும், ஃபோமும் வெல்க்ரோவை விட்டுக் கழண்டு வரும்.

நம்ம ஊர்ச் சூட்டுல பாலிஷ் சீக்கிரம் காஞ்சு பொடியா பறக்கும். அதனால மூடின இடத்துல, காலைல இல்லேன்னா சாயங்காலம். பானட்ல உள்ளங்கையை அஞ்சு செகண்ட் வைக்க முடியலைன்னா அந்த பேனல் இன்னும் வேலைக்கு ரெடி இல்ல. ஃபேன் காத்து நேரா பேனல் மேல அடிக்கக் கூடாது, காயறதோட தெருத் தூசியும் வந்து உக்காரும். முழுக் கட்டத்தையும் முடிக்கறதுக்குள்ள காஞ்சா கட்டத்தைச் சின்னதாக்குங்க, பாலிஷைக் கூட்டாதீங்க.

ரோட்டரி ஏன் வேண்டாம்னா, அது ஒரே அச்சுல சுத்தும். ஒரு இடத்துல ரெண்டு செகண்ட் கூட நின்னா ஓரத்துல பெயின்ட் எரிஞ்சுரும். எரியலைன்னாலும் கம்பளி பேட் போட்டு ஓட்டி, ஃபினிஷிங் பண்ணாம விட்டா வெயில்ல நகரும் ரிப்பன் மாதிரி தடம் தெரியும். கடைகள்ல ‘ரப்பிங் பாலிஷ்’ முடிச்சு நிழல்ல டெலிவரி கொடுக்கற கருப்பு வண்டிகள்ல இதைத்தான் அதிகம் பார்க்கலாம். எண்ணெயும் ஃபில்லரும் மறைச்சு வச்சிருக்கும், நாலு வாஷ்ல மறுபடி வெளிய வரும்.

முதல் தடவைன்னா முழுசா ரெண்டு நாள் ஒதுக்குங்க. பானட்டுக்கு மட்டுமே முக்கால் மணி நேரம் ஆகலாம். அவசரத்துல கை வேகம் கூடும், கை வேகம் கூடினா கோடு போகாது, உடனே அழுத்தத் தோணும். கெடுதல் எல்லாம் அங்கதான் ஆரம்பிக்குது.

பூவாளி:

வெள்ளைப் புள்ளிகளைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் தண்ணீர் ஆவியானதும் கார்பனேட்டாகப் படிகின்றன. விரல் நுனியால் தடவுங்கள். மேடாகத் தட்டுப்பட்டால் அது படிவு மட்டும், அமிலத்தில் கரையும். வழவழப்பாக இருந்தும் வட்டம் தெரிந்தால் கிளியர்கோட் அரிக்கப்பட்டுவிட்டது, அதைப் பாலிஷால்தான் குறைக்க முடியும், ஆழமென்றால் முழுதும் போகாது.

படிவுக்கு: கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரும் ஆர்ஓ தண்ணீரும் சரிபாதி. மைக்ரோஃபைபரை நனைத்து, குளிர்ந்த பேனலில், நிழலில், புள்ளியின் மேல் ஒன்று இரண்டு நிமிடம் போர்த்தி வையுங்கள். தேய்க்க வேண்டாம், நனைந்திருப்பதுதான் வேலை செய்கிறது. உடனே அலசி ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. காயவிட்டால் அமிலமே புதுத் தடம் போடும். மூன்று முறைக்கும் அசையவில்லை என்றால் அது சிலிக்காவாக இருக்கலாம், வினிகரில் கரையாது, அதற்கு மேல் பாலிஷிடம் விடுங்கள். எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்வார்கள், அமிலத்தின் அளவு கைக்கு அடங்காது என்பதால் வேண்டாம். இதையெல்லாம் பாலிஷுக்கு முன்பே, அயர்ன் ரிமூவரோடு சேர்த்து முடித்துவிட வேண்டும். படிவின் மேல் பேட் ஓடினால் அந்தத் துணுக்குகளே கீறும்.

இனி வராமலிருக்க ஒரு வழி இருக்கிறது. போர் தண்ணீரில் கழுவுங்கள், பரவாயில்லை, ஆனால் கடைசி அலசல் மட்டும் வேறு தண்ணீரில். வீட்டு ஆர்ஓ தண்ணீர் பத்து லிட்டர் ஒரு செடானுக்குப் போதும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அதைவிட நல்லது, அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. சேமித்து, துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றும் பூவாளியில், அதன் சல்லடை மூக்கைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து கீழே ஒரே தாரையாக ஊற்றினால் தண்ணீர் தகடாக இழுத்துக்கொண்டு இறங்கும், சொட்டு நிற்காது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைக் கார் கழுவப் பலர் சேமிக்கிறார்கள். அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். கருப்பு காருக்கு அது கூடவே கூடாது.

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் நன்றி. டிஏ மெஷினும் எம்205 பாலிஷும் வாங்கி, சொன்ன வரிசையில் பானட்டில் சோதனைக் கட்டம் போட்டேன். மென்மையான பேடில் பாதிக் கோடுகள்தான் போயின. நடுத்தர பேடில் அநேகமாக எல்லாம் போய்விட்டன, ஆனால் விளக்கைச் சாய்த்தால் கட்டம் முழுக்க லேசான சாம்பல் மூட்டம் தெரிகிறது, பக்கத்து இடத்தைவிடக் கருப்பு குறைந்த மாதிரி. எங்கே தவறு?

கிளியர்கோட்:

பெரிய தவறு எதுவும் இல்லை சார். அந்த மூட்டம் பேடும் பாலிஷும் சேர்ந்து போட்ட மிக நுண்ணிய கீறல்கள். மென்மையான கிளியர்கோட்டில் இது வரும், கருப்பில் மட்டும்தான் கண்ணில் படும். பழைய கோடுகளை நடுத்தர பேட் எடுத்துவிட்டது, அதன் தடத்தை மென்மையான பேட் எடுக்க வேண்டும். அதாவது உங்கள் வண்டிக்கு இரண்டு சுற்று.

இரண்டாவது சுற்றில் புதிய, சுத்தமான மென்மையான பேட். அதே எம்205, மூன்று சொட்டு. வேகம் 3 அல்லது 4, அழுத்தம் இல்லை, மூன்று நாலு முறை ஓட்டினால் போதும். இது சீவுவது மிகக் குறைவு என்பதால் கிளியர்கோட்டுக்காகப் பயப்பட வேண்டாம். பேடை மாற்றியும் மூட்டம் நின்றால் துடைக்கும் துணியைச் சந்தேகப்படுங்கள். துணியைத் தனியாக விளக்கில் சோதிக்க ஒரு வழி உண்டு: நன்றாக இருக்கும் இடத்தில் ஆல்கஹால் கலவையை அடித்து அந்தத் துணியால் நாலு முறை துடையுங்கள். நேர்கோட்டில் மெல்லிய தடங்கள் விழுந்தால் துணிதான் காரணம். புது மைக்ரோஃபைபரை ஒருமுறை துவைக்காமல் பெயின்ட்டில் வைக்கக் கூடாது. துவைக்கும்போது கம்ஃபர்ட் வகைத் திரவம் எதுவும் சேர்க்காதீர்கள், இழைகளின் மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

வளைந்து வளைந்து பன்றிவால் போலத் தனித்தனிக் கோடுகள் தெரிந்தால் அது வேறு விஷயம்: பேடுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மண் துகள் சிக்கியிருக்கிறது. அந்த பேடை ஒதுக்கிவைத்துக் கழுவுங்கள், பேனலை மறுபடி துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

கதவுகளுக்கு நடுவே இருக்கும் பளபளப்பான கருப்பு பிளாஸ்டிக் தூண்கள் பெயின்ட்டைவிட மென்மையானவை. அங்கே மெஷின் வேண்டாம், மென்மையான பேடைக் கையில் பிடித்து லேசாக.

பாதுகாப்பு_கவசம்:

வேக்ஸா செராமிக்கா என்ற கேள்விக்கு வருகிறேன். எதுவாக இருந்தாலும் அது கிளியர்கோட்டுக்கு மேலே உட்காரும் பலி அடுக்குதான், கோடு விழுவதை நிறுத்தாது. செராமிக் பாட்டில்களில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. ஒன்றிரண்டு மைக்ரான்கூடக் கனமில்லாத அடுக்கு அது. அழுக்குத் துணி அதைக் கீறிக்கொண்டு போகத்தான் செய்யும்.

கார்னோபா பிரேசில் நாட்டுப் பனையின் இலையிலிருந்து வரும் மெழுகு. உருகுநிலை 82 முதல் 86 டிகிரி. திறந்தவெளியில் நிற்கும் கருப்பு பானட் சித்திரை வெயிலில் 70 டிகிரியை நெருங்கும், புட்டியில் அடைத்து வரும் வேக்ஸில் இன்னும் மென்மையான மெழுகுகளும் கலந்திருக்கும். அதனால் உங்கள் பார்க்கிங்கில் சுத்த கார்னோபா ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்று நம்ப வேண்டாம். ஷோரூமில் சொல்லும் டெஃப்லான் கோட்டிங்குக்கும் பணம் கொடுக்காதீர்கள். டெஃப்லான் உருகி ஒட்ட 327 டிகிரி வேண்டும், அந்தச் சூட்டில் கார் பெயின்ட் கருகிவிடும்.

முதல்முறை செய்பவருக்குச் செயற்கை சீலண்ட் (செயற்கைப் பாலிமர் கலந்த, வேக்ஸ் போலப் போடும் பூச்சு) என்பது என் தீர்மானமான கருத்து. கொலினைட் 845 போன்ற கலப்பு வேக்ஸோ, டர்டில் வேக்ஸின் ஹைப்ரிட் ஸ்ப்ரேயோ, எதுவும் சரி. கடைசி முறை ஆல்கஹால் கலவையால் துடைத்த பெயின்ட்டில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு மெலிதாகத் தடவுங்கள். கனமாகப் போட்டால் அதிக நாள் நிற்காது, துடைக்கக் கஷ்டமாகும், கருப்பில் எண்ணெய்த் திட்டு தெரியும், அவ்வளவுதான் லாபம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போடுங்கள்.

மெஷின்மணி:

இதுல எனக்குக் கொஞ்சம் வேற கருத்து. கூரை இல்லாத பார்க்கிங், மேல மரம், கீழ போர் தண்ணி. இந்த மூணும் சேர்ந்தா சீலண்ட் சீக்கிரம் தேஞ்சுரும். பாலிஷ்க்கு ரெண்டு நாள் உழைச்ச பிறகு செராமிக் போடறதுதான் நியாயம். 30 மி.லி. பாட்டில் ஒரு செடானுக்கு வரும். ரெண்டு அடிக்கு ரெண்டு அடி, குறுக்கும் நெடுக்கும் தடவி, வானவில் மாதிரி நிறம் ஓடினதும் துடைக்கணும், ரெண்டு துணி மாத்தி.

பாதுகாப்பு_கவசம்:

உண்மைதான், நன்றாகப் போட்டால் அது வருஷக்கணக்கில் நிற்கும். என் தயக்கம் துடைக்கும் கட்டத்தில். சென்னைச் சூட்டில் அந்த வானவில் நிறம் வந்து போவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். தவறவிட்ட இடம் கருந்திட்டாக உறைந்துவிடும், கருப்பு பெயின்ட்டில் எல்லா நிறத்தையும்விட மோசமாகத் தெரியும், மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுக்கையில் கிளியர்கோட்டும் கொஞ்சம் போகும். முதல் 12 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பூ கூடாது. கூரை இல்லாத பார்க்கிங்கில் இதை எப்படி உறுதி செய்வது? மூடிய இடம் ஒரு ராத்திரிக்காவது கிடைத்தால் செய்யலாம், அதுவும் விளக்கோடு ஒருவர் பக்கத்தில் நின்று திட்டுகளைக் காட்டினால். இன்னொன்று, செராமிக் போட்ட பெயின்ட்டில் தண்ணீர் உருண்டையாக நிற்கும். போர் தண்ணீர் உருண்டை வெயிலில் காய்ந்தால் புள்ளி சின்னதாக ஆனால் அழுத்தமாக விழும். பூவாளி சொன்ன கடைசி அலசலைச் செய்யாதவருக்குச் செராமிக் அந்தத் தொல்லையைத் தீர்க்காது.

பானட்டின் முன்பாதியும் முன் பம்பரும் மட்டும் கல்லடியிலிருந்து காக்க வேண்டுமென்றால் பிபிஎஃப் எனும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாம், 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன். கல்லை உண்மையாகவே தடுப்பது இது ஒன்றுதான். வீட்டில் ஒட்டும் வேலை அல்ல.

பூவாளி:

வாட்ச்மேன் துடைப்பதை நிறுத்தாமல் இதையெல்லாம் செய்தால் ஆறு மாதத்தில் கோடுகள் திரும்ப வரும், அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு வாளி, ஒரு துணி, வரிசையாகப் பத்து வண்டி. முதல் வண்டியின் மண் கடைசி வண்டி வரை போகிறது. அவர் மேல் குறை இல்லை, அவருக்குக் கொடுத்த சாமான் அவ்வளவுதான். மாதச் சம்பளத்தைக் குறைக்காமல், கண்ணாடியும் சக்கரமும் மட்டும் துடைத்தால் போதும், பெயின்ட்டைத் தொட வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். தூசியோடு நிற்கும் கருப்பு காருக்கு எந்தக் கேடும் இல்லை, அந்தத் தூசியைக் காய்ந்த மஞ்சத் துணியாலோ பழைய பனியனாலோ தள்ளும்போதுதான் கேடு. தூசியின் மேல் கவர் போடுவதும் அப்படித்தான், காற்றில் கவர் ஆட ஆட உரசும்.

வாரம் ஒருமுறை: முதலில் வெறும் தண்ணீரில் மண்ணை இறக்குங்கள். பிரஷர் வாஷர் இருந்தால் ஓர் அடி தள்ளிப் பிடியுங்கள். ஒரு வாளியில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்குங்கள், கதவின் அடிப்பகுதியும் பம்பரும் கடைசி. துணி துவைக்கும் பவுடர் சீலண்டை உரித்துவிடும். துடைக்கையில் பெரிய டவலை விரித்துப் போட்டு இழுங்கள், தேய்க்காதீர்கள்.

புங்க மரத்தின் கீழே வரும் பிசுக்கு பெரும்பாலும் இலையில் இருக்கும் பூச்சிகள் விடும் இனிப்புத் திரவம். அன்றே ஷாம்பூவில் போய்விடும், ஒரு வாரம் வெயிலில் வெந்தால் பிடித்துக்கொள்ளும். காக்கை எச்சத்துக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது. சூட்டில் கிளியர்கோட் இளகி, காய்ந்து சுருங்கும் எச்சத்தின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது, மதிய வெயிலில் சில மணி நேரம் போதும். வண்டியில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீரும் இரண்டு துணியும் வைத்திருங்கள். ஈரத் துணியை எச்சத்தின் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, அப்படியே மடித்துத் தூக்குங்கள். எச்சத்தில் மண்ணும் விதையும் இருக்கும், தேய்த்தால் கீறும்.

வேளச்சேரிவாசி:

இரண்டாவது சுற்றில் மூட்டம் போய்விட்டது, கட்டம் முழுக் கருப்பாக இருக்கிறது. சீலண்டே போடுகிறேன். கதவுக் கீறலை எப்போது செய்வது, பாலிஷுக்கு முன்பா பின்பா?

கிளியர்கோட்:

பாலிஷ் முடிந்து, சீலண்டுக்கு முன்பு. சீலண்ட் மேல் டச்சப் பெயின்ட் ஒட்டாது. பெயின்ட்டின் நிறக் குறியீட்டு எண் பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூணிலோ இன்ஜின் அறையிலோ இருக்கும் தகட்டில் அச்சிட்டிருக்கும், கருப்புதானே என்று கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். கருப்பிலேயே நீலம் ஓடுவது, பொடி மின்னுவது என்று பல உண்டு. கீறலின் அடியில் வெள்ளி நிறத் தகடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால் ஒரு பூச்சு பிரைமர் தேவை, இல்லையென்றால் மழைக்காலத்தில் அடியிலிருந்து துருப்பிடித்துக் கொப்புளிக்கும். ஆல்கஹால் கலவையால் துடைத்து, பாட்டிலோடு வரும் பிரஷை விட்டுவிட்டு, பல்குத்தும் குச்சி நுனியால் கீறலுக்குள் மட்டும் பெயின்ட்டை ஓடவிடுங்கள். மெலிதாக இரண்டு மூன்று பூச்சு, நடுவில் அரை மணி நேரம். மேலே கிளியர் ஒரு பூச்சு. கீறலைச் சுற்றி அரை அடிக்கு ஒரு மாதம் சீலண்ட் போடாமல் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் இப்போதே போட்டுவிடலாம்.